அரிதாரத்துக்கு அடியில் தோல்

தமிழ் எழுத்தில் தேய்ந்துபோன படிமங்களைப் பட்டியலிட்டால் முதல் பத்துக்குள் அரிதாரம் வந்துவிடும். தலைவரின் அரிதாரம் கலைந்தது என்று தலையங்கம் எழுதுகிறார்கள். கவிதையில் அரிதாரம் என்றால் பொய் என்று பொருள். அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை. சிறுகதையில் ஒரு கூத்துக்காரர் வந்தால் அவர் கடைசிப் பத்தியில் கண்ணாடி முன் அமர்ந்து அழுதே ஆகவேண்டும். கண்ணீர் வழிந்து வண்ணத்தில் கோடு போடும். அந்தக் கோட்டோடு கதை முடியும். வாசகர் பெருமூச்சு விடுவார்.

இந்தப் படிமத்தைக் கொஞ்ச காலமாவது இலக்கியவாதிகள் தொடாமல் இருக்கவேண்டும் என்பதே என் தரப்பு. அது பழசாகிவிட்டது என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம் வேறு. அரிதாரத்தைப் பொய்யென்றும் அதன் கீழ் இருக்கும் முகத்தை உண்மையென்றும் சொல்லிச் சொல்லி, அந்த முகத்தில் தோல் என்று ஒன்று இருப்பதை நாம் மறந்துபோனோம். அது அறுபது வயதுத் தோலாக இருக்கலாம், எழுபது வயதுத் தோலாகவும் இருக்கலாம். காய்ந்து, மெலிந்து, எளிதில் வெடிக்கும் தோல். அதன்மேல் ஒரு கலை எழுதப்படுகிறது. எப்படி எழுதப்படுகிறது, எதைக் கொண்டு எழுதப்படுகிறது, விடிந்தபின் எப்படிக் கழுவப்படுகிறது என்று நம் சூழலில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அது அழகுக்குறிப்பு, மகளிர் இதழ் சமாச்சாரம். நாம் இலக்கியம் பேசுகிறவர்கள் அல்லவா?

மெய் என்ற சொல்லுக்கு உண்மை என்றும் உடம்பு என்றும் பொருள் வைத்த மொழி இது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே வகுத்திருக்கிறது. அந்த மொழியில் எழுதும் நாம் உண்மையை வைத்துக்கொண்டு உடம்பைக் கைவிட்டுவிட்டோம்.

1

முதலில் பொருளைப் பார்ப்போம். அரிதாரம் என்பது ஒரு கல்லின் பெயர். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம். தாளகம் என்றும் சொல்வார்கள். சித்த மருத்துவம் அதைப் பாடாணங்களோடு வைத்து எண்ணியது. சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக்கூடாது என்று விதித்தது. சிவப்புக்குப் பயன்பட்ட சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. முகத்துக்கு மஞ்சளும் சிவப்பும் கொடுத்த பழைய பொருட்கள் இவை. கூத்தில் அரிதாரம் என்ற சொல் இன்று ஒப்பனை முழுவதற்கும் ஆகிவந்த பெயர். பக்கத்துக் கேரளத்தில், கதகளி அணியறையில், இதன் உறவான மனயோலையை இன்றும் தேங்காய் எண்ணெயில் குழைக்கிறார்கள்.

இந்தியாவின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940ஆம் ஆண்டினது. அழகுசாதனங்களுக்கு நிறமேற்ற ஆர்சனிக் சேர்மங்களையும் ஈயச் சேர்மங்களையும் பயன்படுத்தக்கூடாது என்பது அதன்கீழ் வந்த விதி. 2020இல் அழகுசாதனங்களுக்கெனத் தனி விதிகள் வந்தபோதும் இந்தத் தடை தொடர்ந்தது. அதாவது நாம் உருகி உருகி எழுதும் அந்தச் சொல், அதன் நேர்ப்பொருளில், முகத்தில் பூசச் சட்டம் அனுமதிக்காத ஒரு பண்டத்தின் பெயர். நம் படிமக் களஞ்சியத்தில் இந்தத் தகவலுக்கு இடமே இருந்ததில்லை.

இன்றைய கூத்து ஒப்பனைப் பெட்டியில் பெரும்பாலும் இருப்பவை கடையில் வாங்கும் வண்ணப்பொடிகள், வெள்ளைப் பொடி, கறுப்பு மை, தேங்காய் எண்ணெய். மலிவான பொடிப் பொட்டலத்தில் சேர்க்கை என்னவென்று அச்சிட்டிருப்பதில்லை. சுவருக்கும் கோலத்துக்கும் விற்கும் பொடிக்கும் முகத்துக்கு விற்கும் பொடிக்கும் என்ன வேறுபாடு என்று வாங்குகிறவர் எதை வைத்து முடிவுசெய்வார்? விலையை வைத்துத்தான்.

2

அடுத்தது தோல். வயதாகும்போது தோலுக்கு என்ன ஆகிறது என்பது மர்மமல்ல. மேல்தோலின் புறப்படலம் செங்கல் சுவர் போன்றது. செல்கள் செங்கல், இடையில் இருக்கும் கொழுப்பு காரை. வயது ஏற ஏறக் காரை குறைகிறது. உள்ளிருக்கும் ஈரம் நிற்பதில்லை. தோல் செதில் செதிலாகப் பெயர்கிறது. இளைஞனின் தோலில் ஏற்படும் சிராய்ப்பு ஆறும் வேகத்தில் முதியவரின் தோலில் ஆறுவதில்லை. அடித்தோல் மெலிகிறது, கொலாஜன் குறைகிறது, இழுத்து விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும் தன்மை போகிறது. வெயில் இவை அனைத்தையும் விரைவுபடுத்தும்.

இனி ஒரு கூத்துக் கலைஞரின் ஆண்டை எண்ணிப் பாருங்கள். வட தமிழ்நாட்டின் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்கள் கோடையை ஒட்டி வருபவை. பருவம் தொடங்கினால் இரவுக்கு இரவு வேஷம். இரவு பத்து மணிக்குமேல் தொடங்கும் கூத்து விடியும்வரை நடக்கும். பருவம் இல்லாத நாட்களில் சாவுக் காரியங்களுக்குக் கர்ண மோட்சம் ஆடப்போவார். மற்ற பகல்கள் பலருக்கும் வயல்வெளியில் கழிகின்றன. பகலில் வெயில், இரவில் பொடி, விடியலில் சோப்பு. இந்த வரிசையை நாற்பது ஆண்டுகள் ஒரு முகத்தின்மேல் நடத்திப் பாருங்கள்.

ஆனால் நம் நிகழ்த்துகலைகளில் வயது ஓய்வுக்குக் காரணமாவதில்லை. முதுமை இங்கே அதிகாரம். துரியோதனனை அறுபது வயதில்தான் முழுதாகப் புரிந்துகொண்டு ஆடமுடியும் என்று நம்பும் வாத்தியார்கள் உண்டு. கதகளியில் கலாமண்டலம் கோபி 1937இல் பிறந்தவர். எண்பதைக் கடந்தும் பச்சை வேஷம் போட்டவர். சேமஞ்சேரி குஞ்ஞிராமன் நாயர் 1916இல் பிறந்து 2021இல் மறைந்தார். நூறைத் தாண்டியும் மேடையேறியவர். இளம் முகங்களுக்காகவே உருவான கலைகள் அல்ல இவை. ஆகவே வறண்ட முதிய தோலில் வண்ணம் தீட்டுவது இக்கலைகளில் விதிவிலக்கு அல்ல, நடைமுறையின் மையம். அந்த மையத்தைப் பற்றி நம்மிடம் கட்டுரை இல்லை, கையேடு இல்லை, ஒரு சண்டைகூட இல்லை.

சண்டைகளுக்குக் குறையொன்றுமில்லை. தெருக்கூத்து என்று சொல்வதா, கட்டைக்கூத்து என்று சொல்வதா என்று எத்தனை ஆண்டுகள் வாதாடினோம்! 1990இல் காஞ்சிபுரத்தில் சங்கம் வைத்த கலைஞர்கள் கட்டைக்கூத்து என்ற பெயரை வலியுறுத்தியதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன; ‘தெரு’ என்ற சொல்லில் ஒட்டியிருந்த இளக்காரத்தை உதறவேண்டியிருந்தது. அந்த விவாதத்தை நான் குறைசொல்லவில்லை. கட்டை என்பது மரத்தில் செய்து தோளிலும் மார்பிலும் தலையிலும் கட்டும் அணிகளைக் குறிக்கிறது. அந்த அணிகளுக்குப் பெயர் தேடிக் கொடுத்தோம், அருங்காட்சியகத்தில் இடம் தேடிக் கொடுத்தோம். அணிகளுக்கு நடுவே இருந்த முகத்துக்கு ஒன்றும் தேடவில்லை.

3

முதிய தோலில் முகம் எழுதுவது இளந்தோலில் எழுதுவதன் மங்கிய பிரதி அல்ல. அது தனி வித்தை.

வண்ணத்தை நீரில் குழைத்தால் அது உலரும்போது சுருங்கும். வறண்ட தோல் அந்த நீரை உடனே குடித்துவிடும். அரைமணி நேரத்தில் நெற்றியிலும் கன்னத்திலும் வறண்ட ஏரிபோல வெடிப்பு விழும். எண்ணெயில் குழைத்தால் வெடிக்காது, ஆனால் வசனம் பேசப்பேச வண்ணம் சுருக்கங்களுக்குள் இறங்கித் தங்கும். மூக்கின் ஓரத்திலிருந்து வாய்முனைக்கு இறங்கும் மடிப்பில் வெள்ளை சேர்ந்து ஒரு வாய்க்கால் ஆகும். வெடித்த இடத்தை மறைக்க மேலும் பொடி ஒற்றினால் அந்தப் பொடி இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். பூசப் பூச வயது கூடும். இந்தச் சுழலில் சிக்கிய கலைஞர் ஒவ்வொரு வருடமும் முந்தைய வருடத்தைவிடக் கனமாகப் பூசுகிறார். கழுவும்போது அதே அளவுக்குக் கனமாகத் தேய்க்கவேண்டியிருக்கிறது.

கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வயதில் மேலிமைத் தோல் தளர்ந்து கண்ணின்மேல் மடியும். கண்ணை மூடிக்கொண்டு இமையில் தீட்டும் அழகான மைக்கோடு, கண்ணைத் திறந்ததும் மடிப்புக்குள் போய் மறைந்துவிடும். கோட்டை மடிப்புக்கு மேலே ஏற்றி, கண்ணைத் திறந்த நிலையில் வரையவேண்டும். புருவத்தை ஒட்டி வைக்கும் வெள்ளைப் பொட்டு வரிசையும் அப்படித்தான். முகம் அசையாமல் இருக்கும்போது வைத்தால், புருவம் ஏறும்போது வரிசை கலையும். முதலில் கோபத்தைக் காட்டச் சொல்லி, அந்தக் கோபத்தின்மீது வரையவேண்டும். முதிய முகத்தில் வரைபடம் ஓய்வில் இல்லை, பாவத்தில் இருக்கிறது. இதைக் கைப்பழக்கமாக அறிந்த வாத்தியார்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் புராணத்தைக் கேட்டோம், பாடலைக் கேட்டோம், பரம்பரையைக் கேட்டோம். கை என்ன செய்கிறது என்று கேட்கவில்லை.

இன்னொன்று. கூத்தில் பெரும்பாலும் அவரவர் முகத்தை அவரவர்தான் எழுதிக்கொள்கிறார்கள். ஒரு கையில் சிறு கண்ணாடி, மறுகையில் குச்சி. நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வை மங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு கண்ணோரத்தில் மை எழுத முடியாது. கழற்றினால் கண்ணாடியில் தெரியும் முகம் மங்கல். அறுபது வயதுக் கலைஞர் தன் முகத்தை ஞாபகத்தில்தான் எழுதுகிறார். அந்த ஞாபகத்தில் இருப்பது முப்பது வயது முகம். கோடுகள் பழைய இடத்தில் விழுகின்றன. தோல் வேறிடத்துக்கு நகர்ந்துவிட்டது.

வெளிச்சமும் மாறிவிட்டது. தீவட்டி ஒளி அசையும் ஒளி, மஞ்சள் ஒளி. அதில் சுருக்கம் நிழலாகி முகத்துக்கு ஆழம் கொடுக்கும். பெட்ரோமாக்ஸ் வந்தது, பிறகு குழல்விளக்கு, இப்போது வெள்ளையாக எரியும் எல்.இ.டி. விளக்குகள். இந்த ஒளி தட்டையானது, இரக்கமற்றது. தீவட்டிக்கு என்று வகுத்த கனத்தில் பூசிய வண்ணம் எல்.இ.டி. விளக்கின் கீழ் பெயர்ந்த சுண்ணாம்புச் சுவராகத் தெரிகிறது. ஒளியை மாற்றியது விழாக்குழு. பழி விழுவது முதியவரின் முகத்தில். ‘அவருக்கு வயசாயிடுச்சு, வேஷம் நிக்கல’ என்று ஊர் சொல்கிறது. அடுத்த வருடம் கட்டை வேஷம் அவருக்குக் கிடைப்பதில்லை. பின்பாட்டுக்கோ சிறு வேஷத்துக்கோ ஒதுக்கப்படுகிறார். வருமானமும் மரியாதையும் ஒரே நாளில் இறங்குகின்றன. எல்லாம் தோலில் தொடங்கியது.

4

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் வருகிறார்கள், கையில் காமிராவோடு.

முதிய கூத்துக் கலைஞரின் வெடித்த முகத்தை மிக அருகில் படமெடுப்பது ஒரு தனி வகைமையாகவே ஆகிவிட்டது. சிற்றிதழ் அட்டைகளில் அது வந்திருக்கிறது, நாட்காட்டிகளில் வந்திருக்கிறது, கண்காட்சிச் சுவர்களில் தொங்கியிருக்கிறது. சுருக்கத்தின் ஒவ்வொரு பள்ளத்திலும் வெள்ளைப் பொடி. கண்ணோரத்தில் சிவந்த வெடிப்பு. அதன் கீழே காலத்தின் ரேகைகள் என்பதுபோல் ஒரு வாசகம். பார்ப்பவர் நெகிழ்கிறார். அந்தச் சிவப்பு வண்ணமா, தோல் அழற்சியா என்று கேட்கத் தோன்றுவதில்லை. அழற்சிக்குத் தோல் மருத்துவர் வேண்டும். காலத்தின் ரேகைக்கு ரசிகர் போதும்.

வறுமையை அழகாக்குவதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். வறட்சியை அழகாக்குவதும் அதே காரியம்தான். வெடிப்பில் அழகு காண்கிறவருக்கு வெடிப்பு நீடிப்பதில் ஓர் அக்கறை உண்டாகிவிடுகிறது. நல்ல வண்ணம், நல்ல ஒளி, ஒப்பனைக்கு உதவ ஓர் ஆள் என்று அந்த முகத்துக்குக் கிடைத்துவிட்டால் அவருடைய படம் கெட்டுப்போகும்.

ந. முத்துசாமியின் ‘அன்று பூட்டிய வண்டி’ போன்ற எழுத்துக்கள் கூத்தை இலக்கிய வாசகர்களின் முன் நிறுத்தின. புரிசையின் கலைஞர்களை நாம் பெயர்சொல்லி அறிந்ததற்கு அத்தகைய எழுத்துக்கள் காரணம். கூத்தைத் தீவிரமான அரங்கமாகப் பார்க்கச் சொன்ன அந்தத் தலைமுறைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அவர்கள் திறந்துவிட்ட கதவின் வழியே உள்ளே போன நாம் களரியோடு நின்றுவிட்டோம். திரைக்குப் பின்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் போகவில்லை.

5

கதகளியை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. அங்கே நடிகர் தன் முகத்தின் அடிப்படை வண்ணத்தைத் தானே தேய்த்துக்கொள்வார். பிறகு பாயில் மல்லாந்து படுப்பார். சுட்டிக்காரர் தலைமாட்டில் அமர்ந்து தாடையோரம் சுட்டி வைப்பார். அரிசி மாவும் சுண்ணாம்பும் குழைத்து அடுக்கடுக்காக ஏற்றி அந்த வெள்ளை வரம்பைக் கட்டுவது பழைய முறை. பின்னர் காகிதம் வெட்டி ஒட்டும் முறை வந்தது. இந்த வேலைக்கு ஒரு தனிப் பெயர் இருக்கிறது, தனி ஆள் இருக்கிறார். 1930இல் தொடங்கப்பட்ட கேரள கலாமண்டலத்தில் சுட்டி ஒரு தனிப் பாடம். நடிகர் முதியவரானால் அவர் முகத்தின் மாற்றத்தை ஆண்டுதோறும் விரல் நுனியால் அறிந்துகொண்டே வரும் ஒருவர் அணியறையில் இருக்கிறார்.

கதகளி எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று சொல்லவில்லை. மனயோலை மனயோலைதான். சுண்ணாம்பு காரம், மனிதத் தோலின் மேற்பரப்போ மெல்லிய அமிலத்தன்மை கொண்டது, வறண்ட தோலில் அது எரியாமல் என்ன செய்யும்? ஆயினும் அங்கே முகம் எழுதுதல் ஒரு தொழிலாக அங்கீகரிக்கப்பட்டது. அரிசிச் சுட்டியிலிருந்து காகிதச் சுட்டிக்கு மாறியபோது மரபு செத்துவிட்டது என்று யாரும் அணியறையைப் பூட்டிக்கொண்டு போகவில்லை. வேலை எளிதானது, கலை தொடர்ந்தது. நம்மிடமோ முகம் எழுதுதல் தொழிலும் அல்ல, பாடமும் அல்ல, கூலிக்கணக்கில் வருவதும் அல்ல. கலைஞரின் சொந்தக் கவலை.

6

மூன்று மறுப்புகள் வரும் என்று எனக்குத் தெரியும். மூன்றையும் கேட்டிருக்கிறேன்.

முதலாவது: பழைய வண்ணங்கள் இயற்கையானவை, அவை ஒன்றும் செய்யாது, இரசாயனம்தான் கெடுதல். இயற்கை என்ற சொல் ஒரு சான்றிதழ் அல்ல. ஆர்சனிக் இயற்கை, பாதரசம் இயற்கை, சுண்ணாம்பும் இயற்கை. பாடாணம் என்று பெயரிட்ட சித்தருக்கு இது தெரிந்திருந்தது. இயற்கை அங்காடிக்குப் போய்வரும் நமக்குத்தான் மறந்துவிட்டது. முழுமையான தோல் பலவற்றை வெளியிலேயே தடுத்து நிறுத்தும். தடுப்பு குலைந்த, வெடித்த, சவரக்கத்தி கீறிய தோல் அப்படி நிறுத்தாது. ஆகவே இளைஞனுக்கு ஒன்றும் ஆகாத வண்ணம் அவருடைய தாத்தாவுக்கு ஆகலாம். ‘நாப்பது வருசமா பூசறேன், ஒண்ணும் ஆகல’ என்பது நாற்பது வருடத் தோலைப் பற்றிய வாக்குமூலம். நாற்பத்தோராவது வருடத் தோலுக்கு அது செல்லாது.

இரண்டாவது: பொருளை மாற்றினால் மரபு அழியும். ஜப்பானைப் பாருங்கள். கபுகி நடிகர்கள் முகத்தில் பூசிய வெள்ளை ஈயத்தால் ஆனது. 1887இல் பேரரசர் மெய்ஜியின் முன்னிலையில் நடந்த நிகழ்ச்சியில் நான்காம் நகமுரா ஃபுகுசுகே என்ற புகழ்பெற்ற நடிகரின் கால் நடுங்கத் தொடங்கியது. காரணம் ஈய நஞ்சு என்று தெரியவந்தபோது அது நாடறிந்த பேச்சானது. ஈயம் இல்லாத வெள்ளைக்கான தேடல் தொடங்கியது. 1904இல் அப்படி ஒன்று விற்பனைக்கு வந்தது. 1930களில் ஈய வெள்ளை தடைசெய்யப்பட்டது. அந்த நடிகர் பின்னாளில் ஐந்தாம் உதாஎமோன் என்ற பெரும்பெயரை ஏற்றார். நஞ்சால் இறுகிப்போன உடம்போடு முதுமையிலும் பெண்வேடம் ஏற்றார். 1940இல் மறைந்தார். கபுகி அழிந்ததா? வெள்ளை முகம் கறுத்துப்போனதா? ஒரு நடிகரின் நடுங்கும் காலைப் பார்த்து அந்தச் சமூகம் பூச்சைச் சந்தேகித்தது. நாமாக இருந்திருந்தால் நடுக்கத்தைப் பற்றிக் கவிதை எழுதியிருப்போம்.

மூன்றாவது மறுப்புதான் மிகவும் மென்மையானது. ஆகவே மிகவும் ஆபத்தானது. ‘அவர்களே குறைசொல்லவில்லையே!’ குறைசொன்னால் வேஷம் போகும் என்பதை மேலே பார்த்தோம். முகம் எரிகிறது என்று வாத்தியாரே சொன்னால் ஜமாவில் நாளைக்கு அவர் இடத்தில் யார் என்ற கேள்வி எழும். ஊரிலிருந்து விருந்தாளியாக வந்து ஒரு இரவு உட்கார்ந்துவிட்டுப் போகும் எழுத்தாளரிடம் அவர் ஏன் சொல்லவேண்டும்? அதுவும், எல்லாவற்றையும் அடுத்த இதழில் படிமமாக்கிவிடக்கூடிய எழுத்தாளரிடம்?

7

இதுவரை ஆண்களைப் பற்றியே பேசியிருக்கிறேன். கூத்து நெடுங்காலம் ஆண்கள் ஆடியது. பெண்கள் மேடையேறிய ஸ்பெஷல் நாடகத்தைச் சேர்த்துப் பார்த்தால் நிலைமை இன்னும் கடுமையாகத் தெரியும். ஆணின் தோலில் எண்ணெய்ச் சுரப்பு முதுமையிலும் ஓரளவு நீடிக்கும். பெண்ணுக்கு மாதவிடாய் நின்றபின் அது கணிசமாகக் குறையும். ஆகவே ஐம்பதைத் தாண்டிய நடிகையின் முகம் அதே வயது நடிகரின் முகத்தைவிட அதிகம் வறண்டிருக்கும். ஆனால் மேடை அவளிடம் கேட்பது அதிகம். வள்ளியாகவேண்டும், இளமையாகவேண்டும், வெளுப்பாகவேண்டும். துரியோதனனின் முதுமை அவனுக்குக் கம்பீரம் என்று வாதாடலாம். வள்ளிக்கு முதுமை வந்தால் ஸ்திரீபார்ட் பறிபோகும். ரோஸ் பவுடரை ஒரு சுற்று கூடுதலாகப் போடுகிறாள். அதன் கீழே தோல் இன்னும் காய்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் வரிகளைப் பற்றி எழுத நம்மிடம் ஆட்கள் உண்டு. அவற்றைப் பாடும் முகத்தைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை.

8

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது இந்தச் சூழலின் வழக்கம். நான் சில காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். இவை எதுவும் என் கண்டுபிடிப்பு அல்ல. தோல் மருத்துவர்களும் நல்ல ஒப்பனைக்காரர்களும் அறிந்த சாதாரண விஷயங்கள்.

வேஷம் கட்டும் மாலையில் சவரம் செய்யக்கூடாது. காலையிலேயே முடித்துவிட வேண்டும், கீறல் ஆற நேரம் கிடைக்கும். முகத்தைச் சோப்பு போடாமல் வெறும் நீரில் கழுவி, ஈரம் முழுதாகக் காயும்முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவி, கால் மணி நேரம் சும்மா உட்காரவேண்டும். மிஞ்சிய எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வியர்வையோடு சேர்ந்து வண்ணம் வழுக்கும். வண்ணத்தைத் தேய்க்காமல் விரலால் ஒற்றி ஏற்றவேண்டும். ஒரு கனமான பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சு நிற்கும். கண்ணோரத்திலும் வாயோர மடிப்பிலும் அடிவண்ணம் மிக மெல்லியதாக இருக்கவேண்டும். மெல்லிய கோடுகளைவிட அகலமான வடிவங்கள் முதிய முகத்தில் தெளிவாகத் தெரியும். புதுப்பொடி எதுவானாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாள் தடவிப் பார்க்கவேண்டும். விடிந்தபின் எண்ணெய் தடவி, ஊறவைத்து, மெல்லிய துணியால் இரண்டு முறை துடைத்து, பிறகு நீரில் கழுவி, மறுபடியும் எண்ணெய். சோப்பையும் சொரசொரப்பான துண்டையும் முகத்தின் பக்கம் கொண்டுவரக்கூடாது.

இவற்றுக்குத் தேவையானவை என்ன? வேஷம் கட்ட ஒரு மணி நேரம் கூடுதல். நல்ல தண்ணீர். தடுப்பு கட்டிய ஓர் இடம். ஓர் ஆள் உயரக் கண்ணாடி. எழுத உதவ ஒரு இளம் கை. இவ்வளவுதான். இவற்றை வெற்றிலை பாக்கு வைக்கும்போதே விழாக்குழுவிடம் கேட்டு வாங்கமுடியவேண்டும். ஒலிபெருக்கிக்கும் விளக்குத் தோரணத்துக்கும் செலவழிக்கும் ஊருக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் பாரமல்ல.

அரசிடமும் கேட்க இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் 2007இல் வந்தது. இயல் இசை நாடக மன்றம் நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவி தருகிறது. இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க நிதியும் தருகிறது. அந்தப் பட்டியலில் சேர்க்கை அச்சிட்ட, தோலுக்கென்றே செய்த முகவண்ணத்தையும் சேருங்கள். மருத்துவ முகாம் என்றால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஒரு தோல் மருத்துவரையும் அனுப்புங்கள். பருவம் தொடங்குமுன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை போதும். கூத்துப் பயிற்சி நடக்கும் இடங்களில், பிறர் முகத்தில் எழுதுவதை ஒரு பாடமாக வையுங்கள். பதினாறு வயது மாணவன் அறுபது வயது வாத்தியாரின் முகத்தில் எழுதக் கற்றுக்கொண்டால், அவன் கற்பது ஒப்பனையை மட்டுமல்ல. அந்த முகத்தின் எந்தத் தசை எந்தச் சொல்லுக்கு எழுகிறது என்பதை விரலால் படிக்கிறான். இதைவிடச் சிறந்த நடிப்புப் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

எழுதுகிறவர்களிடம் கேட்பது இன்னும் எளிது. அடுத்தமுறை கூத்தைப் பற்றி எழுதப்போகும்போது களரிக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போங்கள். வாத்தியாரிடம் புராணம் கேட்கவேண்டாம். எந்தப் பொடி, எந்தக் கடை, என்ன விலை, எங்கே எரிகிறது, எதைக் கொண்டு கழுவுகிறீர்கள், கண் தெரிகிறதா, யார் உதவுகிறார்கள் என்று கேளுங்கள். கேட்டதை அப்படியே எழுதுங்கள். உவமை வந்தால் அடித்துவிடுங்கள்.

அரிதாரம் கலைந்தபின் தெரிவதுதான் உண்மை முகம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். விடியற்காலையில் அதைக் கலைத்துப் பார்த்தால் தெரிவது வீங்கிச் சிவந்த ஒரு கன்னம். அதற்கு இப்போது வேண்டியது கொஞ்சம் எண்ணெயும் ஒரு மெல்லிய துணியும்.